கிழிந்த தோளுக்குச் சொந்த இரத்தம் மருந்தாகுமா?

மனித உடலிலுள்ள மூட்டுகளுள் மிகப் பல திசைகளில் அசையக்கூடியது தோள்மூட்டு. கையைத் தலைக்கு மேல் உயர்த்தவும், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும், முழு வட்டமாகச் சுழற்றவும் இடமளிக்கும் அதே அமைப்புதான் அந்த மூட்டின் பலவீனத்துக்கும் காரணமாகிறது. இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் பொதிந்து நிற்கிறது. தோளிலோ மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமில்லாத ஒரு சிறு தட்டின் மேல் ஒட்டி நிற்கிறது. எலும்பு தராத உறுதியைத் தசைகள் தந்தாக வேண்டியிருப்பதால், தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு தசைகள் மேற்கை எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாகத் தழுவி, கை எத்திசையில் சென்றாலும் அந்தத் தலை தட்டை விட்டு நழுவாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. தசையானது எலும்பைப் பற்றும் முனையில் வெண்ணிறமான, முறுக்கேறிய நார்க்கற்றையாக மாறுகிறது. அதற்குத் தசைநாண் என்று பெயர். இந்த நான்கு தசைநாண்களும் சேர்ந்து சட்டைக் கையின் முனைப்பட்டைபோல எலும்புத் தலையைச் சுற்றி அமைந்திருப்பதால், மருத்துவர்கள் அதனை ‘ரொட்டேட்டர் கஃப்’ என்கின்றனர். தமிழில் சுழல்தசைப் பட்டை எனலாம்.

இந்தப் பட்டை தேய்ந்து கிழியும்போது அதைத் தைத்துச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. தைத்த இடம் நன்றாக ஒட்ட வேண்டும் என்பதற்காக, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த ஒரு செறிவான திரவத்தை அந்த இடத்தில் செலுத்தும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் பரவியிருக்கிறது. தட்டணுச் செறிவுப் பிளாஸ்மா என்றும், சுருக்கமாகப் பி.ஆர்.பி. என்றும் அதனை அழைக்கின்றனர். அது உண்மையில் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது, உடலுழைப்பையே முதலாகக் கொண்ட குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது.

உழைக்கும் தோள்கள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கோலியனூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. வடக்கே திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது; அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை இரகங்கள் ‘டி.எம்.வி.’ என்று அந்த ஊரின் பெயரையே சுமந்துகொண்டு நாடெங்கும் சென்றிருக்கின்றன. கரும்பு வெட்டிக் கட்டுக்கட்டி லாரியில் ஏற்றுவது, நெல் மூட்டையை முதுகிலும் தலையிலும் தூக்குவது, கடலைச் செடியைப் பிடுங்கி உதறுவது, சித்தாள் வேலையில் செங்கல்லும் கலவையும் தலைக்கு மேல் ஏற்றுவது ஆகிய எல்லா வேலைகளிலும் கை தோள் மட்டத்துக்கு மேலே திரும்பத் திரும்ப உயர்கிறது. அப்படி உயரும் ஒவ்வொரு முறையும், பட்டையின் மேற்பகுதியில் உள்ள தசைநாண் இழுவிசைக்கும், அதற்கு மேலே கூரைபோல் கவிந்திருக்கும் எலும்பின் உரசலுக்கும் ஆளாகிறது. நான்கு தசைநாண்களுள் பெரும்பாலும் முதலில் கிழிவது இந்த மேல் தசைநாணே.

உழைப்பு மட்டுமே காரணம் என்றும் கொள்ள இயலாது. எலும்பைப் பற்றும் இடத்துக்குச் சற்று முன்னால் இந்தத் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதாகக் கருதப்படுகிறது; வயது ஏற ஏற நார்கள் நெகிழ்வை இழந்து, பழைய வடக்கயிற்றின் புரிகள் ஒவ்வொன்றாக அறுவதுபோலச் சிறிது சிறிதாக அறுகின்றன. நீரிழிவும் புகைப்பழக்கமும் அந்தத் தேய்மானத்தைக் கூட்டுவதோடு, பின்னர் ஒட்டும் ஆற்றலையும் குறைக்கின்றன. ஏணியிலிருந்தோ இருசக்கர வாகனத்திலிருந்தோ கையூன்றி விழும்போது, ஏற்கெனவே நைந்திருந்த தசைநாண் ஒரே நொடியில் முழுவதுமாக அறுந்துபோவதும் உண்டு.

கிழிவு உள்ளவர் அனைவருக்கும் வலி இருப்பதில்லை என்பது இத்துறையில் கண்டறியப்பட்ட முக்கியமான உண்மைகளுள் ஒன்று. தோளில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்து அமெரிக்காவில் 1995-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அறுபது வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பகுதியாகவோ முழுமையாகவோ கிழிவு இருந்தது தெரிய வந்தது. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் ‘கிழிவு’ என்ற சொல் இருப்பதனாலேயே அறுவை தேவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது; வலி, கையின் பலம், வயது, செய்யும் தொழில் ஆகியவற்றோடு சேர்த்தே அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

எப்போது ஐயப்பட வேண்டும்?

இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத வலி, தலை வாரவும் பரணிலிருந்து பாத்திரம் எடுக்கவும் கை உயராமை, உயர்த்திய கையை மெல்ல இறக்க முடியாமல் சட்டென்று கீழே போட்டுவிடுதல் ஆகியவை சுழல்தசைப் பட்டைக் கிழிவின் வழக்கமான அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மிகுதியாக வரும் தோள் இறுக்கத்திலிருந்து இதைப் பிரித்தறிவது அவசியம். தோள் இறுக்கத்தில் நோயாளியாலும் கையைத் தூக்க முடியாது, பிறர் பிடித்துத் தூக்கினாலும் அது உயராது. கிழிவிலோ தானாகத் தூக்க முடியாத கை, பிறர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் உயர்ந்துவிடும். கழுத்து எலும்பில் நரம்பு அழுந்துவதாலும் தோளில் வலி தோன்றக்கூடும். இவை மூன்றையும் ‘சுளுக்கு’ என்ற ஒரே சொல்லால் குறித்து, எண்ணெய் தடவி உருவிவிடுவதில் மாதங்களைக் கழிப்பது தீங்காக முடியலாம். முழுக் கிழிவை நெடுநாள் விட்டுவைத்தால் அறுந்த முனை உள்ளே சுருங்கிப் பின்வாங்குகிறது. தசை மெலிந்து அதனிடையே கொழுப்பு படிகிறது. அந்த நிலையை எட்டிய தசையைப் பின்னர் தைத்தாலும் பழைய பலம் திரும்புவதில்லை.

அதே வேளையில், மெல்லத் தேய்ந்து உண்டான கிழிவுகளுக்கு முதல் மருத்துவம் அறுவை அன்று, முறையான உடற்பயிற்சியே. விபத்தின்றி உண்டான முழுக் கிழிவு கொண்ட நானூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து பிசியோதெரபி அளித்துக் கண்காணித்து, அதன் முடிவை 2013-இல் வெளியிட்டன. இரண்டு ஆண்டு முடிவில் அவர்களில் நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களே அறுவைக்குச் சென்றிருந்தனர். கிழியாமல் எஞ்சியிருக்கும் தசைகளுக்கு வலுவேற்றி, அறுந்ததன் வேலையையும் அவற்றைச் செய்யப் பழக்குவதே அந்தப் பயிற்சியின் நோக்கம். விழுந்து அடிபட்டதால் திடீரென்று கை உயராமல் போனவர்களும், இன்னும் பல ஆண்டுகள் பாரம் தூக்கி உழைக்க வேண்டிய வயதினரும், சில மாதப் பயிற்சிக்குப் பிறகும் வலி நீங்காதவர்களுமே அறுவையை முதன்மையாக எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள்.

தைப்பது எளிது, ஒட்டுவது அரிது

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன், கிழிந்த தோள் தசைநாணைத் தைத்துச் சரிசெய்ததை 1911-இல் வெளியிட்டார். அன்று தோளை அகலமாகத் திறந்து செய்த அறுவை, இன்று பெரும்பாலும் ஆர்த்ராஸ்கோப்பி என்னும் நுண்துளை முறையில் நடைபெறுகிறது. விரல் நுழையாத சில துளைகள் வழியே ஒரு சிறு கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, உப்புநீரால் மூட்டை விரித்துக்கொண்டு, எலும்பில் நங்கூரம் எனப்படும் சிறு திருகுகளைப் பதித்து, அவற்றிலிருந்து புறப்படும் வலுவான நூல்களால் தசைநாணை எலும்போடு சேர்த்துக் கட்டுகின்றனர்.

கட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இயற்கையில் தசைநாண் எலும்பில் பற்றியிருப்பது, முளைக்குச்சியில் கயிற்றைக் கட்டியதுபோல் அன்று. நார், மென்மையான குருத்தெலும்பு, சுண்ணாம்பேறிய குருத்தெலும்பு, எலும்பு என்று நான்கு அடுக்குகளாக ஒன்று மற்றொன்றாகப் படிப்படியே மாறும் நுட்பமான இணைப்பு அது. நெகிழ்வான நாரிலிருந்து கடினமான எலும்புக்கு விசை சிறிது சிறிதாகக் கடத்தப்படுவதால்தான் அந்த இடம் எளிதில் அறுவதில்லை. அறுவைக்குப் பின் உடல் அந்த நான்கு அடுக்குகளையும் மீண்டும் உருவாக்குவதில்லை. அந்த இடத்தைத் தழும்புத் திசுவால் நிரப்பிவிடுகிறது. தழும்பு, இயல்பான இணைப்பைவிட வலுக் குறைந்தது. நூல் தாங்கிக்கொண்டிருக்கும் சில மாதங்களுக்குள் தழும்பு போதிய பலம் பெற்றால் அறுவை வெற்றி பெறும். பெறாவிட்டால் தைத்த இடம் மீண்டும் விட்டுப்போகும்.

அப்படி விட்டுப்போவது அரிதும் அன்று. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், மிகப் பெரிய கிழிவுகளை நுண்துளை முறையில் தைத்துக்கொண்ட 18 பேரில் 17 பேருக்கு, பின்னர் ஸ்கேனில் பார்த்தபோது தையல் இடத்தில் மீண்டும் கிழிவு இருந்தது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் நடந்த பெரிய சோதனையொன்றில், திறந்த அறுவையானாலும் நுண்துளை அறுவையானாலும், ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குத் தையல் முழுமையாக ஒட்டவில்லை. ஆயினும் அவர்களுள் பலருக்கு வலி குறைந்து, கையின் பயன்பாடு முன்னைவிட மேம்பட்டிருந்தது. ஸ்கேனில் தெரியும் ஒட்டுதலும் நோயாளி உணரும் நலமும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை என்னும் இந்த உண்மை, பி.ஆர்.பி.யை எடைபோடும்போது இன்றியமையாத அளவுகோலாகிறது.

தட்டணுக்களின் வேலை

டெங்குக் காய்ச்சல் பரவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘பிளேட்லெட் குறைந்துவிட்டது’ என்ற பேச்சு ஊர்தோறும் எழுவதால், தட்டணு என்பது தமிழ் மக்களுக்குப் புதிய பொருள் அன்று. இத்தாலிய மருத்துவ அறிஞர் ஜூலியோ பிட்சோசெரோ 1882-இல் இவற்றைத் தனி வகை அணுக்களாக விளக்கி, இரத்தம் உறைவதில் இவற்றுக்குள்ள பங்கையும் எடுத்துக்காட்டினார். ஒரு மைக்ரோ லிட்டர், அதாவது ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரத்தத்தில், சுமார் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கின்றன. காயம் பட்டவுடன் அங்கே ஒட்டித் துவாரத்தை அடைப்பது அவற்றின் முதல் வேலை. அத்துடன் நிற்காமல், தமக்குள் பொதிந்து வைத்திருக்கும் நுண்மணிகளை உடைத்து வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களை அவை வெளியிடுகின்றன. பழுது பார்க்கும் செல்களை அழைத்துவருவது, அவற்றைப் பெருகச் செய்வது, புதிய இரத்தக் குழாய்களை முளைக்கவைப்பது, நார்ப்பொருளைப் படியச் செய்வது ஆகியன அந்தப் புரதங்களின் பணி.

இரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் முனையில் இத்தகைய புரதங்கள் இயல்பாகவே குறைவாகக் கிடைக்கும். ஆகவே அவற்றைச் செறிவாக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒட்டுதல் விரைவும் உறுதியும் பெறலாம் என்பதே பி.ஆர்.பி.யின் அடிப்படைக் கருத்து. இதயத் திறப்பு அறுவையில் 1980-களில் கையாளப்பட்டு, தாடை எலும்பு ஒட்டுச் சிகிச்சை தொடர்பாக அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவலாக அறியப்பட்டு, பின்னர் விளையாட்டு மருத்துவத்துக்கும் எலும்பு மூட்டு மருத்துவத்துக்கும் இம்முறை வந்து சேர்ந்தது. 

செய்முறை கேட்பதற்கு எளியது. நோயாளியின் கையிலிருந்து சில பத்து மில்லி லிட்டர் இரத்தம் எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த குழாயில் இட்டு, சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்றும் கருவியில் வைத்து வேகமாகச் சுற்றுகின்றனர். தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிவதுபோல, எடை வேறுபாட்டால் இரத்தம் அடுக்கடுக்காகப் பிரிகிறது: அடியில் சிவப்பணுக்கள், இடையில் வெள்ளணுக்கள் அடங்கிய மெல்லிய வெண்படலம், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. தட்டணுக்கள் மிகுந்துள்ள பிளாஸ்மாப் பகுதியை மட்டும் எடுத்துத் தேவையானால் மறுபடியும் சுற்றிச் செறிவாக்கினால், சில மில்லி லிட்டர் பி.ஆர்.பி. கிடைக்கிறது. ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் தட்டணுக்கள் இருக்க வேண்டும் என்பது மார்க்ஸ் முன்வைத்த அளவுகோல். நோயாளியின் சொந்த இரத்தமே என்பதால், பிறர் இரத்தம் ஏற்றும்போது உள்ள நோய்த்தொற்று அச்சமும் ஒவ்வாமை அச்சமும் மிகக் குறைவு. ஆனால் தூய்மை பேணாமல் தயாரித்தால் கிருமி புகும் ஆபத்து இதிலும் உண்டு.

அறுவை அரங்கில் வேறொரு சிக்கல் எழுகிறது. நுண்துளை முறையில் மூட்டுக்குள் உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால், திரவமாகச் செலுத்தும் பி.ஆர்.பி. அதனோடு கழுவிச் செல்லப்பட்டுவிடும். அதனால் தையல் முடிந்து நீரை நிறுத்தி வடித்த பிறகு, தசைநாணுக்கும் எலும்புக்கும் இடையில் அதைச் செலுத்துகின்றனர். அல்லது கால்சியமோ த்ராம்பினோ சேர்த்துக் கூழாக உறையவைத்து வைக்கின்றனர். அல்லது ஃபைப்ரின் என்னும் உறைநார் கலந்த படலமாக ஆக்கித் தையலோடு சேர்த்துத் தைக்கின்றனர். வெள்ளணுக்களை நீக்கியது, நீக்காதது என்ற வேறுபாடும் உண்டு. எனவே பி.ஆர்.பி. என்ற ஒரே பெயரின் கீழ் பல்வேறு பொருள்கள் வழங்குகின்றன என்பதை மறக்கலாகாது.

சோதனைகள் கூறுவது என்ன?

ஒரு சிகிச்சை பயனுள்ளதா என்று அறியும் நேர்மையான வழி, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அச்சிகிச்சையைச் சேர்த்தும் மற்றொரு குழுவுக்குச் சேர்க்காமலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே. பி.ஆர்.பி. அவ்வாறு பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரில் 53 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான சோதனையில், பி.ஆர்.பி. பெற்றவர்களுக்கு முதல் மாத வலி குறைந்திருந்தது. ஆனால் இரண்டாண்டு முடிவில் இரு குழுக்களுக்கும் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டு இத்தாலியில் 88 பேரிடம் உறைநார்ப் படலம் வைத்து நடந்த மற்றொரு சோதனையிலும், 2012-இல் நியூயார்க் நகரில் 79 பேரிடம் நடந்த சோதனையிலும் அந்தப் படலத்தால் ஒட்டுதல் மேம்படவில்லை.

இதற்கு மாறான முடிவுகள் ஆசியாவிலிருந்து வந்தன. தென்கொரியாவின் சியோல் நகரில், பெரிய கிழிவுகள் கொண்ட 48 பேரிடம் கூழ் வடிவ பி.ஆர்.பி.யைப் பயன்படுத்தி 2013-இல் வெளியிட்ட சோதனையில், மறுகிழிவு பி.ஆர்.பி. பெற்றோரில் நூற்றுக்கு 20 ஆகவும், பெறாதோரில் 55-க்கு மேலாகவும் இருந்தது. இந்தியாவில் கர்நாடகத்தின் மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியில் விவேக் பாண்டே தலைமையிலான குழு, நடுத்தரக் கிழிவும் பெரிய கிழிவும் கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் இத்தகைய சோதனையை நடத்தி 2016-இல் வெளியிட்டது. அதிலும் பி.ஆர்.பி. பெற்ற குழுவில் மறுகிழிவு குறைவாக இருந்தது. அந்தப் பயன் முக்கியமாகப் பெரிய கிழிவுகளில் வெளிப்பட்டது. நம் நாட்டு நோயாளிகளிடம், நம் நாட்டு மருத்துவமனையில் கிடைத்த முடிவு என்பதால் தமிழ் வாசகருக்கு இது தனிக் கவனத்துக்கு உரியது.

முரண்போலத் தோன்றும் இம்முடிவுகளை அமெரிக்க எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களின் கழகம் 2019-இல் தொகுத்து ஆராய்ந்து, இரண்டு பகுதிகள் கொண்ட முடிவை வெளியிட்டது. நோயாளி உணரும் வலியிலும் கையின் பயன்பாட்டிலும் தட்டணுப் பொருள்களால் மேம்பாடு ஏற்படுவதில்லை என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. திரவ வடிவ பி.ஆர்.பி. மறுகிழிவைக் குறைக்கலாம் என்பதற்கு வரையறைக்குட்பட்ட சான்று இருக்கிறது. தசை, தசைநாண் காயங்கள் அனைத்துக்கும் பி.ஆர்.பி. பயன்படுகிறதா என்று 19 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பும், போதிய சான்று இல்லை என்றே கூறியது.

முடிவுகள் வேறுபடுவதற்குக் காரணங்கள் உண்டு. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரே நபரின் இரத்தத்திலேயே தட்டணு எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுகிறது. சிறிய கிழிவுகள் பி.ஆர்.பி. இல்லாமலேயே பெரும்பாலும் ஒட்டிவிடுவதால் அங்கே அதன் பயன் வெளித்தெரிய இடமில்லை. மிகப் பழையதாகிக் கொழுப்பேறிய தசையிலோ எதைச் செலுத்தினாலும் பயன் குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட, பெரியதாயினும் இன்னும் உயிர்ப்புள்ள கிழிவுகளே இதனால் நன்மை பெறும் வாய்ப்புள்ளவை என்று கொள்வது, கிடைத்துள்ள சான்றுகளுக்குப் பொருந்துகிறது. செலவில்லாத மாற்று வழியொன்றும் உண்டு: நங்கூரம் பதிக்கும் எலும்பில் சிறு துளைகள் இட்டால், எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் இரத்தமே தட்டணுக்களையும் பழுதுபார்க்கும் செல்களையும் தையல் இடத்துக்குக் கொண்டுவருகிறது. அறுவை மருத்துவர்கள் பலர் இதைக் கையாளுகின்றனர்.

ஊசியாக மட்டும் போட்டால்?

அறுவை இல்லாமலே தோளில் பி.ஆர்.பி. ஊசி போடும் வழக்கம் நகரங்களில் மிகுந்து வருகிறது. அறுந்து பின்வாங்கிய தசைநாணை எந்த ஊசியும் இழுத்துவந்து எலும்பில் சேர்க்காது என்பது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது. கிழியாமல் நைந்திருக்கும் தசைநாணுக்காவது பயன்படுமா என்று துருக்கியில் 40 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான சோதனையில், பி.ஆர்.பி. ஊசியும் வெறும் உப்புநீர் ஊசியும் ஓராண்டு முடிவில் ஒரே அளவு பலனையே தந்தன. இரு குழுவினரும் உடற்பயிற்சி செய்தனர், இரு குழுவினரும் நலம் பெற்றனர். குதிகால் தசைநாண் அறுந்த 230 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான சோதனையிலும் பி.ஆர்.பி.யால் கூடுதல் நன்மை தென்படவில்லை. விளையாட்டு வீரர்கள் இதைப் பயன்படுத்துவது இதன் ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. தசைக்குள் செலுத்துவதற்கு 2010-இல் விதித்த தடையை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மறு ஆண்டே நீக்கிக்கொண்டது உண்மைதான் என்றாலும், தடை இல்லை என்பது பயன் உண்டு என்பதற்குச் சான்றாகாது. பி.ஆர்.பி.யை ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று சொல்லி விற்பதும் தவறு. அதில் இருப்பவை தட்டணுக்களே.

ஆறு மாதம் என்னும் உண்மையான விலை

தோள் தசைநாண் அறுவையில் நோயாளி தரும் பெரிய விலை பணம் அன்று, காலம். நான்கு முதல் ஆறு வாரம் கையைத் தூக்குப்பட்டையில் வைத்திருக்க வேண்டும். அந்நாட்களில் பிறர் உதவியுடன் மட்டுமே கையை மெல்ல அசைக்கலாம். அதன் பின்னர் தானாக அசைக்கும் பயிற்சியும், ஏறத்தாழ மூன்று மாதத்துக்குப் பிறகு பலம் கூட்டும் பயிற்சியும் தொடங்கும். மூட்டை தூக்குவதும் கரும்பு வெட்டுவதும் சுமார் ஆறு மாதத்துக்குப் பிறகே. அறுவடைக் கூலி போய்விடுமே என்று இரண்டாம் மாதத்திலேயே பாரம் தூக்கினால், தட்டணு எவ்வளவு செறிவாகச் செலுத்தப்பட்டிருந்தாலும் தையல் விட்டுப்போகும். ஆகவே அறுவை நாளைக் குறிக்கும்போதே பயிர்ப் பருவத்தையும், வீட்டில் கைமாறிச் செய்ய ஆள் உண்டா என்பதையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லித் திட்டமிடுவது நல்லது.

கோலியனூர் வட்டார மக்களுக்கு, முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. சிகிச்சைச் செலவில் எந்தெந்தப் பகுதியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து அளிக்கும் பிசியோதெரபியும் அடங்கும். பேருந்து ஏறி நகரம் சென்று வர இயலாத முதியவர்களுக்கு இது கைகொடுக்கும்.

அறுவையோடு பி.ஆர்.பி.யும் சேர்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால், சில கேள்விகளை மரியாதையோடும் தயக்கமின்றியும் கேட்கலாம். கிழிவு எவ்வளவு பெரியது, தசையில் கொழுப்பேறியிருக்கிறதா, இந்த அளவுக் கிழிவில் பி.ஆர்.பி.யால் என்ன கூடுதல் நன்மையை எதிர்பார்க்கிறீர்கள், எந்த வடிவில் செலுத்துவீர்கள், அது இல்லாமல் செய்தால் என்ன குறையும், தனிக் கட்டணம் எவ்வளவு என்பன அவை. வலி மாத்திரைகள் சில தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் சொல்லிவிட வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதய மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தவே கூடாது. அறுவைக்கு முந்திய வாரங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், பீடி சிகரெட்டை விட்டொழிப்பதும் எந்த ஊசிக்கும் குறையாத நன்மை தருவன. அவற்றுக்குச் செலவும் இல்லை.

இன்றைய சான்றுகளின்படி, பி.ஆர்.பி. தோள் தசைநாண் அறுவைக்கு ஒரு துணையே. பெரிய கிழிவுகளில் தையல் மீண்டும் விட்டுப்போவதை அது குறைக்கக்கூடும், ஆனால் வலியையும் கையின் பயனையும் அது தனியாக மேம்படுத்துவதாக நிறுவப்படவில்லை. நல்ல தையல், காலம் தாழ்த்தாத அறுவை, பொறுமையான ஓய்வு, இடைவிடாத பயிற்சி ஆகிய நான்கின் இடத்தை அது நிரப்பாது. கடன் வாங்கி பி.ஆர்.பி. செய்துகொள்ளலாமா, அல்லது அந்தப் பணத்தைக் கொண்டு ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் தோளுக்கு ஓய்வு தரலாமா என்ற நிலை ஓர் உழைக்கும் குடும்பத்துக்கு வருமானால், ஓய்வையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.